வெட்டச் சொன்னவர் நிற்கும் இடம்

மையாமி, அமெரிக்கா
4-9-1963

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி ஆத்மநாதனின் வணக்கம்.

நான் சுகமாக இருக்கிறேன். ரொட்டிக்கு வயிறு பழகிவிட்டது, நாக்குதான் இன்னும் சண்டை போடுகிறது. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றபின் பகல் நேரம் எப்படிப் போகிறது? அமராவதியும் குழந்தையும் திருச்சியில் அவள் அப்பா வீட்டில் நலம் என்று கடிதம் வந்தது.

அக்கா, போன மாதம் நான் ஒரு புயலுக்குள் போய் வந்தேன். விமானத்தில்தான். பயப்படாதீர்கள், முழுசாகத் திரும்பிவிட்டேன். புயலின் நடுவில் ஒரு வட்டமான வெட்டவெளி இருக்கிறது. அதைச் சுற்றி மேகம் மதில் மாதிரி நிற்கிறது. அந்த மதிலில் எங்கள் குழு ஒருவகை வெள்ளி உப்பைத் தூவியது. மேகத்தில் உறையாமல் இருக்கும் நீர் இதனால் உறையும். உறையும்போது வெளிவரும் சூட்டில் மதில் உடைந்து, தள்ளிப்போய் மறுபடி கட்டிக்கொள்ளும் என்பது கணக்கு. கையை மடக்கிக்கொண்டு சுற்றுகிறவன் கையை விரித்தால் வேகம் குறையுமல்லவா, அதே மாதிரி.

முதல் நாள் உப்பு தவறான இடத்தில் விழுந்தது. மறுநாள் மதில் உடைந்ததை நானே பார்த்தேன். காற்றும் கொஞ்சம் குறைந்தது.

இப்போது இதை நம் வங்காளக் கடலில் செய்து பார்க்கலாமா என்று ஒரு பேச்சு இருக்கிறது. இந்தக் குழுவில் நம் ஊர்க்காரன் நான் ஒருவன்தான். அதனால் என் அபிப்பிராயத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்கிறார்கள். தை மாதத்துக்குள் தர வேண்டும்.

பரீட்சை நடந்த பத்து நாளும் என்னைச் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து, புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போனவர் அத்தான். அவரைக் கொன்றது புயல். இன்னொரு வீட்டில் அப்படி நடக்காமல் என்னால் தடுக்க முடியுமானால், நான் படித்ததற்கு அது போதும்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி
ஆத்மநாதன்


மேலவயல்
வல்லத்திராக்கோட்டை வழி
2-10-1963

அன்புத் தம்பி ஆத்மநாதனுக்கு அக்கா சொர்ணவல்லி ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது.

இங்கு எல்லோரும் சௌக்கியம். முழங்கால் இருந்த இடத்தில் இருக்கிறது, வலியும் அப்படியே. நீ அனுப்பிய தைலம் தடவுகிறேன். வலி போகிறதோ இல்லையோ, நீ நினைத்து அனுப்பினாய் என்பதே பாதிச் சுகம்.

உன் கடிதத்தை வாசகசாலையில் உரக்கப் படிக்கச் சொன்னார்கள். நீ புயலுக்குள் போன இடம் வந்ததும் எல்லோரும் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தார்கள். பிறகு பெரியகருப்பன் கேட்டான்: "டீச்சர், அந்த உப்புல ஒரு பொட்டலம் தம்பிய அனுப்பச் சொல்லுங்க. எங்க வீட்ல தெனமும் ஒண்ணு அடிக்குது." அவன் பெண்டாட்டி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று அவனுக்குச் சோறு கிடைத்ததா என்று தெரியாது.

நம் நிலத்தில் விதைப்பு முடிந்தது. இந்த வருஷமும் கீழவயல்காரர்கள் ஒன்பது ஏர் பூட்டி வந்து ஒரே பகலில் உழுது விதைத்துவிட்டார்கள். கூலி என்று வாயைத் திறக்கக்கூட விடவில்லை. அவர்கள் நல்லா இருக்க வேண்டும்.

எனக்கு ஒரு சந்தேகம். நம் கண்மாய்க்கு ஆறு கிடையாது. கார்த்திகையில் கடலில் ஏதாவது ஒன்று உருவாகி வந்தால்தான் கரை தொடுகிற தண்ணீர். நீ காற்றைக் குறைத்தால் மழையும் குறையுமா?

இன்னொன்று. ஐந்தாம் வகுப்பில் சத்தம் போடுகிற ஒருவனை ஒரு வருஷம் நான் நாலாம் வகுப்பில் உட்காரவைத்தேன். என் வகுப்பு கோயில் மாதிரி ஆகிவிட்டது. மூன்றாம் நாள் நாலாம் வகுப்பு டீச்சர் பிரம்போடு சண்டைக்கு வந்துவிட்டாள். நீங்கள் உப்புப் போடுகிற புயல் அந்தப் பையன் மாதிரி வேறு வகுப்புக்குப் போகாதா?

தெரியாமல் கேட்கிறேன். வேளைக்குச் சாப்பிடு.

அன்புள்ள அக்கா
சொர்ணவல்லி


மையாமி
25-10-1963

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதம் கண்டு சந்தோஷம். பெரியகருப்பனுக்குச் சோறு கிடைத்ததா என்று அவசியம் எழுதுங்கள். இங்கே குளிர் வரப் போகிறதாம். நான் கம்பளிச் சட்டை வாங்கிவிட்டேன். இங்குள்ளவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

நீங்கள் தெரியாமல் கேட்ட இரண்டு கேள்வியையும் எங்கள் குழுத் தலைவரிடம் சொன்னேன். வெள்ளைக்காரர், வயதானவர், நல்ல மனிதர். நாலாம் வகுப்புப் பையன் கதைக்கு வெகு நேரம் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "உன் அக்காவுக்கு நாம் இங்கே ஒரு வேலை கொடுக்க வேண்டும்" என்றார்.

மழை குறையுமா என்பதற்கு உண்மையான பதில், எங்களுக்குத் தெரியாது. பையன் விஷயத்துக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. பதினாறு வருஷத்துக்கு முன்னால் கடலுக்குள் விலகிப் போய்க்கொண்டிருந்த ஒரு புயலில் இங்கே முதல்முறையாகப் பனிக்கட்டி மாதிரி ஒரு பொருளைத் தூவினார்கள். அது திரும்பிப்போய் ஓர் ஊரைத் தாக்கியது. தூவியவர்கள்தான் திருப்பிவிட்டார்கள் என்று அந்த ஊர்க்காரர்களுக்குக் கோபம். தூவுவதற்கு முன்பே அது திரும்பத் தொடங்கிவிட்டது என்று பிறகு கணக்குப் போட்டவர்கள் சொல்கிறார்கள். ஆனால் கோபப்பட்டவர்களுக்கு அதை எப்படிக் காட்டுவது?

அதனால் இங்கே, கரைக்கு வர வாய்ப்பில்லாத புயலைத்தான் தொடுகிறோம். நம் கடலில் அப்படி ஒன்றைக் கண்டுபிடிப்பது கஷ்டம். அது மூன்று பக்கமும் வீடு உள்ள முற்றம் மாதிரி. எங்கே தள்ளினாலும் யாராவது இருப்பார்கள். ஆனாலும் பத்தாயிரம் பேர் சாகிற இடத்தில் ஐயாயிரம் பேர் பிழைத்தால் பெரிதில்லையா?

அக்கா, நானும் ஒன்று கேட்கிறேன். கீழவயல்காரர்கள் ஏன் நமக்கு உழுகிறார்கள்? எட்டு வருஷமாக உழுகிறார்கள் என்று அமராவதி சொல்கிறாள். அத்தான் போன நாளைப் பற்றி நீங்கள் எனக்கு எழுதியது ஒரே வரி. அன்று நான் சென்னையிலிருந்து அடித்த தந்தி வந்து சேர்ந்ததா என்றுகூட நீங்கள் சொன்னதில்லை.

பதில் எதிர்பார்க்கும் தம்பி
ஆத்மநாதன்


மேலவயல்
20-11-1963

அன்புத் தம்பிக்கு,

நான் நலம், நீ நலமாக இருக்க ஆண்டவன் துணை.

பெரியகருப்பனுக்கு மறுநாள் காலைதான் கஞ்சி கிடைத்ததாம்.

மழை பரவாயில்லை. கண்மாய் பாதிக்குக் கொஞ்சம் மேல். பயிர் பச்சை பிடித்திருக்கிறது. நேற்று கீழவயல் வழியாக வந்தேன். அங்கே ஐயனார் என்று ஒரு பெரியவர் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். எண்பது வயது இருக்கும். என் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், உள்ளேயிருந்து ஆரம்பித்துவிடுவார்: "வந்துட்டியா டீச்சரம்மா? நான் இன்னும் சாகலையான்னு பாக்க வந்தியா? மேல போன ஒம் புருஷன்கிட்ட சொல்லு, இந்தக் கெழவன் வெத்தலைக்கு வழியில்லாமக் கெடக்கான்னு." நான் வெற்றிலை கொண்டுபோகாமல் அந்தப் பக்கம் போனதே இல்லை. வாங்கிக்கொண்டு இன்னும் கொஞ்சம் திட்டுவார்.

நீ கேட்டதற்குப் பிறகு எழுதுகிறேன். தபால் எடுக்கிற நேரம் ஆகிவிட்டது.

அக்கா
சொர்ணவல்லி


மையாமி
10-12-1963

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம்.

நான் சௌக்கியம். உங்கள் கடிதம் இவ்வளவு சின்னதாக இருந்ததே, உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

அபிப்பிராயத்தை எழுதி முடித்துவிட்டேன். நம் கடலில் சோதனை செய்யலாம், சீக்கிரம் செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். ஜனவரி பதினைந்தாம் தேதி கையெழுத்து. தை முதல் நாளை ஒட்டி வருகிறது, நல்ல சகுனம்தான். அதன் முதல் பத்தியில், பெயர் சொல்லாமல், ஒரு கிராமத்தில் கண்மாய் நாட்டாண்மையாக இருந்த ஒருவர் புயலில் இறந்ததைப் பற்றி நாலு வரி எழுதினேன். தலைவர் அதைப் படித்துவிட்டு என் தோளைத் தட்டினார்.

இந்த வேலைக்கு என்னை அனுப்பியது அத்தான்தான் என்று நினைத்துக்கொள்கிறேன். உங்களுக்கும் அவருக்கும் என் நன்றியை இப்படித்தான் சொல்லத் தெரிகிறது.

தம்பி
ஆத்மநாதன்


மேலவயல்
22-12-1963

என் அன்புத் தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். இதை உட்கார்ந்து படி.

உன் தந்தி வந்தது.

அன்று காலை ஒன்பது மணி. இரண்டு நாள் மழையில் கண்மாய் நிறைந்து கரை மேல் அலையடித்துக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் பாதி ஊர் ஒதுங்கியிருந்தது. தபால்காரர் இடுப்பளவு தண்ணீரில் நடந்துவந்து தந்தியைக் கொடுத்தார். இங்கிலீஷ் என்பதால் நான்தான் படித்துச் சொன்னேன். "இன்று பெருமழை வருகிறது. கரை ஜாக்கிரதை. ஆத்மநாதன்." அவ்வளவுதான்.

"சர்க்கார் தந்தியா டீச்சர்?" என்று யாரோ கேட்டார்கள்.

"வானிலை ஆபீஸிலிருந்து வந்திருக்கிறது" என்றேன்.

பொய்யில்லை. ஆனால் நீ அங்கே அப்போது சின்ன உத்தியோகஸ்தன். அக்காவை நினைத்துப் பதறி, சொந்தமாக அடித்த தந்தி அது. எனக்கு அது தெரியும். "இது என் தம்பி பாசத்தில் அடித்தது, சர்க்கார் உத்தரவு இல்லை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் தம்பி மெட்ராஸிலிருந்து ஊரைக் காப்பாற்றுகிறான் என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பெருமை என் வாயை மூடிவிட்டது.

உன் அத்தான் மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். "நிச்சயந்தானா, வல்லி?"

"என் தம்பி சொன்னா நிச்சயம்" என்றேன்.

நம் கரை நடுவில் உடைந்தால் மேலவயல் நூற்றைம்பது வீடும் போகும். தென்கோடியில் நாமே வெட்டிவிட்டால் தண்ணீர் ஓடை வழியாகக் கீழவயலுக்குப் போகும். அங்கே இருபது குடிசை. இதற்கு நம் ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. நீ சின்ன வயதிலேயே படிக்கப் போய்விட்டதால் கேள்விப்பட்டிருக்க மாட்டாய். வெட்டச் சொல்கிற நாட்டாண்மை மண்வெட்டியைத் தொடக்கூடாது. வெட்டுவதற்கு முன்னால் கீழவயலுக்குப் போய் அவரே விஷயத்தைச் சொல்ல வேண்டும். தண்ணீர் வந்து வடிகிற வரைக்கும் அவர்களோடேயே நிற்க வேண்டும். சும்மா ஒருத்தனும் "வெட்டு" என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காக யாரோ பெரியவர்கள் செய்துவைத்தது.

உன் அத்தான் ஆட்களிடம் வெட்டச் சொல்லிவிட்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கரை மேலேயே நடந்து போனார். எல்லோரையும் கோயில் மேட்டில் ஏற்றினார்கள். எண்ணிப் பார்த்தால் ஒரு தலை குறைந்தது. ஐயனார். "நான் வரலை, இங்கயே கெடக்கேன்" என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். இவரும் வெள்ளைச்சாமியும் திரும்பிப் போனார்கள். வெள்ளைச்சாமி ஐயனாரின் மகன். கிழவரைத் தூக்கி வேப்பமரத்துக் கவட்டில் உட்காரவைத்தது இவர்தான். இவர் ஏறுவதற்குள் மழையில் ஊறியிருந்த மண்சுவர் சரிந்து அவர் மேல் விழுந்தது. தண்ணீர் அதற்குப் பிறகுதான் வந்தது.

மதியத்துக்கு மேல் வானம் வெளுத்துவிட்டது. நீ சொன்ன பெருமழை வரவில்லை. வெட்டாமல் இருந்தாலும் கரை தாங்கியிருக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். தாங்கியிருக்காது என்று சிலர். வெட்டியான பிறகு எப்படித் தெரியும்? எட்டு வருஷமாக நான் அந்தக் கரையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அது ஒன்றும் சொல்வதில்லை.

தன் ஊருக்காக வெட்டச் சொன்னவர் தங்களோடு வந்து நின்றார் என்று கீழவயல்காரர்கள் எனக்கு உழுகிறார்கள். தந்தி விஷயம் அவர்களுக்குத் தெரியாது.

உன்னை வருத்தக்கூடாது என்று மறைத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் சரி. நீ என்னைப் பற்றி என்ன நினைப்பாயோ என்ற பயம் மீதி. உன் அத்தானைப் புயல் கொன்றது என்று நீ முதல் பத்தியில் எழுதிவிட்டதால் இனிமேல் மறைக்க முடியாது. கையெழுத்துப் போடு அல்லது போடாதே, அதை நான் சொல்ல மாட்டேன். ஆனால் நடந்தது தெரிந்து போடு.

என்னை மன்னித்துவிடு.

அக்கா


மேலவயல்
3-3-1964

அன்புத் தம்பிக்கு,

நலமா? இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. அமராவதிக்குக் கடிதம் வருகிறது என்று கேள்விப்பட்டேன். அதுவரைக்கும் நிம்மதி. கோபம் என்றால் கோபம் என்றே எழுது. திட்டி எழுதினாலும் உன் எழுத்தைப் பார்த்த மாதிரி இருக்கும்.

போன வாரம் கீழவயலுக்குப் போய் வெள்ளைச்சாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அது சர்க்கார் தந்தி இல்லை, என் தம்பியுடையது, நான் தெரிந்தே சொல்லாமல் விட்டேன், இனி நீங்கள் எனக்கு உழ வேண்டாம் என்றேன். அவர் வீட்டு முன் களத்தில் வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். உதறுவதை நிறுத்தவில்லை.

"தெரியும் டீச்சர்."

"எப்படித் தெரியும்?"

"சர்க்காரு எங்களுக்கு எப்பத் தந்தி அடிச்சுச்சு? வரி கட்டச் சொல்லக்கூடத் தலையாரிதான் வருவான். வாரவன் மழையில ஒரு நாளும் வர மாட்டான். அன்னைக்கே நாட்டாண்மை வந்து சொன்னாரு. 'மச்சான் ஒருத்தன் மெட்ராஸ்லருந்து சொல்றான், எனக்கு நிச்சயமாத் தெரியலை, ஆனா வெட்டச் சொல்லிட்டு வந்துட்டேன், வாங்க மேட்டுக்கு'ன்னாரு."

கீழே உட்கார்ந்துவிட்டேன். நிச்சயம் என்று நான் சொன்னதை அவர் நிச்சயம் என்று எடுத்துக்கொள்ளவில்லை. தெரியவில்லை என்பதையும் அவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் நின்றிருக்கிறார்.

உள்ளேயிருந்து ஐயனார் கத்தினார்: "இதச் சொல்ல எட்டு வருசமா? எனக்கு வெத்தலை கொண்டாந்தியா இல்லியா?"

தம்பி, நான் அழுதேன், சிரித்தேன். அவர்களுக்கு என்ன கைம்மாறு செய்வேன்? உனக்கும் இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அக்கா
சொர்ணவல்லி


மையாமி
14-6-1964

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உடம்பு சுகம். மனசும் இப்போது கொஞ்சம் சுகம். இதற்கு முன் எழுதிக் கிழித்த கடிதங்களை எண்ணவில்லை. உங்கள் மேல் கோபம் இல்லை அக்கா. ஒரு நாள்கூட இல்லை.

அந்தத் தந்தியை எழுதியபோது முதலில் "வரலாம்" என்றுதான் எழுதினேன். காகிதத்தைக் கொடுக்கும் முன் அடித்துவிட்டு "வருகிறது" என்று மாற்றினேன். "வரலாம்" என்றால் நீங்கள் வீட்டைவிட்டு நகர மாட்டீர்கள் என்று பயம். எனக்கும் நிச்சயமாகத் தெரியாது. நீங்கள் பெருமையில் விட்டதை நான் பயத்தில் விட்டேன். அத்தான் ஒருவர்தான் இரண்டையும் திருத்திச் சொல்லியிருக்கிறார்.

உங்கள் டிசம்பர் கடிதம் கையெழுத்துக்கு மூன்று நாள் முன்னால் வந்தது. முதல் பத்தியை அடித்தேன். பிறகு மீதியைப் படிக்கப் படிக்க, அதில் எத்தனை இடத்தில் "வரலாம்" என்பதை நான் "வருகிறது" ஆக்கியிருக்கிறேன் என்று தெரிந்தது. போன வருஷம் குறைந்த காற்று எங்களால் குறைந்ததா, தானாகக் குறைந்ததா என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது. அதை நான் எங்கேயுமே எழுதவில்லை.

பழைய தாள்களை எடுத்துவிட்டு ஒரு பக்கம் மட்டும் எழுதினேன். நம் கடலில் ஒரு புயலைத் தொடுவதென்றால், அது எந்தெந்தக் கரைக்குப் போகலாமோ அந்தக் கரையில் உள்ளவர்களிடமெல்லாம் முன்கூட்டியே சொல்ல வேண்டும், அவர்கள் சம்மதிக்க வேண்டும். பர்மாவிலிருந்து இலங்கை வரைக்கும். எங்களுக்கு என்னென்ன தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தூவச் சொல்லுகிற அதிகாரி அன்று அந்தக் கரைகளில் ஒன்றில் இருக்க வேண்டும். இதற்கெல்லாம் வழி இல்லாத வரைக்கும் என் ஒப்புதல் இல்லை. அதன் கீழ் கையெழுத்துப் போட்டேன்.

தலைவர் படித்துவிட்டு, "அப்படியானால் நான் கடற்கரையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வேண்டும்" என்று சிரித்தார். ஆமாம் என்றேன். "என் மனைவி சம்மதிக்க மாட்டாள்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

அந்த யோசனை இப்போது பெட்டிக்குள் போய்விட்டது. என் ஒரு தாளால்தானா, வேறு காரணங்களா, தெரியாது. செப்டம்பரில் சென்னைக்குத் திரும்புகிறேன்.

நீங்கள் எழுதியிராவிட்டால் அந்தக் கையெழுத்தைப் போட்டிருப்பேன். எட்டு வருஷம் சுமந்ததை எனக்காக இறக்கிவைத்தீர்கள். இதற்கு நன்றி என்கிற சொல் சின்னதாகத்தான் இருக்கிறது. வெள்ளைச்சாமிக்கும் ஐயனாருக்கும் என் வணக்கம்.

தம்பி
ஆத்மநாதன்


சென்னை
2-1-1965

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். ஊரில் எல்லோரும் பத்திரம் என்று வந்த கார்டு கிடைத்தது. அதை அமராவதி சாமி படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறாள்.

தனுஷ்கோடி செய்தியை நீங்களும் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். பத்து நாளாக என் மேஜைக்கு வருகிற காகிதங்களைப் படிக்கிறேன். ரயில், வீடுகள், குழந்தைகள். எண்ணிக்கை தினமும் மாறுகிறது. குறைந்து ஒரு நாளும் மாறவில்லை.

போன தையில் நான் வேறு மாதிரி கையெழுத்துப் போட்டிருந்தால், இந்தப் புயலை ஒரு விமானம் போய்த் தொட்டிருக்குமோ? அதன் காற்றில் பத்தில் ஒரு பங்கு குறைந்திருக்குமோ? ஒன்றும் ஆகியிருக்காது என்று ஒரு பக்கம் தெரியும். ஒரு வருஷத்தில் இங்கே விமானமே வந்திருக்காது. ஆனாலும் கேள்வி போக மாட்டேன் என்கிறது. தொடுவது மட்டும்தான் நம்மைச் சேர்ந்தது, தொடாமல் விடுவது சேராது என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை போலிருக்கிறது.

நீங்கள் சொல்லுங்கள் அக்கா. நான் செய்தது தப்பா?

தம்பி
ஆத்மநாதன்


மேலவயல்
18-1-1965

அன்புத் தம்பி ஆத்மநாதனுக்கு,

குழந்தைக்கு முத்தம், அமராவதிக்கு ஆசீர்வாதம். பொங்கல் பேருக்குப் பொங்கினோம்.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் புயலில் நம் கண்மாய் நிறைந்துவிட்டது. கரை தாங்கியது. மூன்று வருஷத்துக்குப் பிறகு இப்படி ஒரு தண்ணீர். காலையில் போய்ப் பார்க்கும்போது கை தானாகக் கும்பிடப் போகிறது. அங்கே அத்தனை பேர் போன தண்ணீரைக் கும்பிடுகிறோமே என்று உடனே கையை இறக்கிவிடுகிறேன். கும்பிடாமலும் இருக்க முடியவில்லை.

வெள்ளைச்சாமி ஒரு வண்டி நெல்லைக் குத்தி அரிசியாக்கினார். கீழவயலும் மேலவயலும் சேர்ந்து பழைய துணி, பானை, உப்பு என்று சேர்த்து, இரண்டு வண்டியில் கோட்டைப்பட்டினத்துக்குக் கொண்டுபோனோம். நானும் போனேன். முழங்கால் என்னைத் திட்டிக்கொண்டே வந்தது. அங்கே கரையோரக் குடிசைகள் இல்லை. பள்ளிவாசல் பக்கத்தில் முஸ்லிம் வீட்டுக்காரர்கள் எல்லோருக்குமாக உலை வைத்திருந்தார்கள். எங்கள் அரிசியையும் அதில் போட்டார்கள்.

அங்கே அடைக்கலமேரி என்று ஒருத்தி. முப்பத்தைந்து வயது இருக்கும். அவள் அண்ணன் மீன்பிடித் தொழிலுக்காகத் தனுஷ்கோடி போனவன், வரவில்லை. இவள் இரண்டு பிள்ளைகளோடு தப்பியிருக்கிறாள். எந்த ஊர் என்று கேட்டாள், சொன்னேன்.

"அங்கிட்டு கம்மா நெறஞ்சிருச்சா?"

"நெறஞ்சிருச்சு" என்றேன்.

"சரி. ஒரு பக்கமாச்சும் நெறையட்டும்" என்றாள்.

அதற்குப் பிறகு அவளிடம் எதையும் மறைக்கத் தோன்றவில்லை. புயலைக் குறைக்கிற படிப்புப் படித்த ஒரு தம்பி எனக்கு உண்டு, செய்ய வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான், இப்போது சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறான் என்றேன். அவள் அரிசியைக் களைந்துகொண்டே கேட்டாள்: "கொறைக்கிறப்ப அது திரும்புனா, எங்கிட்டு அனுப்பியிருப்பாரு ஒங்க தம்பி? வடக்கயா? அங்கிட்டும் வலை காயுதுல்ல?"

பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "அவரை இங்க வரச் சொல்லுங்க. நாலு வார்த்தை கேக்கணும்" என்றாள்.

தப்பா என்று கேட்டாய். நான் கண்மாய் நிறைந்தவள், நான் சொல்லி என்ன? தப்பா சரியா என்று சொல்ல யாருக்காவது பாத்தியதை இருந்தால் அவளுக்குத்தான். வா. அவள் திட்டலாம், கேட்டுக்கொள்.

அக்கா
சொர்ணவல்லி


சென்னை
9-2-1965

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். நீங்கள் கட்டிக்கொடுத்த எள்ளுருண்டையை ரயிலில் நானே தின்று தீர்த்துவிட்டேன் என்று அமராவதிக்குக் கோபம்.

கோட்டைப்பட்டினத்திலிருந்து திரும்பும்போது உங்களிடம் வாய்விட்டுப் பேச முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அடைக்கலமேரி என்னைத் திட்டுவாள் என்று தயாராகப் போனேன். நீங்கள் அந்தப் பக்கம் பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருந்தபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"அடுத்தது வாரப்ப, எம்புட்டு நேரம் முன்னாடி ஒங்களுக்குத் தெரியும்?"

அக்கா, இந்தத் தடவை நான் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. "ஒரு பகல் நேரம் முன்னால் தெரியலாம். சில சமயம் அதுவும் தெரியாது. அது எந்தக் கரைக்கு வரும் என்பதில் தப்பாகவும் சொல்லிவிடுவேன்" என்றேன்.

அவள் ஈர மணலைப் பார்த்தபடி விரல் மடக்கினாள். எதெதற்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்று வாய்க்குள்ளேயே எண்ணினாள். பிள்ளைகள் இரண்டு. பக்கத்து வீட்டில் கண் தெரியாத பெரியம்மா. வத்தைப் படகை மேட்டுக்கு இழுக்க ஆறு ஆள். வலை. அரிசிப் பானை. கடலுக்குப் போனவர்களைத் திரும்பச் சொல்லக் கரையில் புகை போடுவது. ஒரு கை முடிந்து மறு கையில் மூன்று விரல் மடங்கியது.

"பொய்யாப் போனாப் போகுது. மேட்டுல உக்காந்துட்டுத் திரும்பி வந்துருவோம். ஆனா ஆளு நேர்ல வந்து சொல்லணும். ஒரு பகல் போதும் சார்" என்றாள்.

புயலின் பலத்தில் பாதியை எடுத்துவிட வேண்டும் என்று கடல் தாண்டிப் போய்ப் படித்தவன் நான். என்னிடம் யாரும் இதுவரை இவ்வளவு சின்னதாக ஒன்றைக் கேட்டதில்லை. அவள் கேட்டது என்னிடம் இருக்கிறது என்று தெரிந்தபோது என் கண் நிறைந்துவிட்டது. நல்லவேளை, கடல் காற்று என்று சமாளித்தேன்.

நேற்று மனுக் கொடுத்திருக்கிறேன். கடலோர ஊர்களுக்கு நேரில் போய்ச் சொல்வதற்கென்று ஓர் ஆள் வேண்டும், அந்த வேலையை எனக்குத் தர வேண்டும் என்று. சம்பளம் குறையும், பதவியும் குறையும். அமராவதி சம்மதித்துவிட்டாள். கிடைக்குமா என்று தெரியாது, கிடைக்கலாம்.

தம்பி
ஆத்மநாதன்